தாயத்தும் குயவனும்: ‘ஷிராஸ்’ மௌனப்படம் குறித்து

கைகால் கட்டுண்ட ஓர் இளைஞன் தரையில் கிடக்கிறான். அவன் தலைக்குமேல் யானையின் கால் தூக்கி நிற்கிறது. பேசாப் படமாதலால் பிளிறலும் இல்லை, அலறலும் இல்லை. கால் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கிறது. 1928இல் வெளிவந்த ‘ஷிராஸ்’ என்னும் மௌனப்படத்தைக் கண்டவர் எவரும் இக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார். அவ்விளைஞன் ஒரு குயவன் மகன். மொகலாய இளவரசர் குர்ரத்தின் மனங்கவர்ந்த மங்கையை அவனும் நேசித்தான், அவளைக் காண அரண்மனைக்குள் புகுந்தான், அகப்பட்டான். இறுதியில் அவன் உயிர் பிழைக்கிறான், அவளோ அரசியாகிறாள். இந்த இரு முடிவுகளுக்கும் நடுவே கதாசிரியர் ஒரு சின்னஞ்சிறு பொருளை வைத்திருக்கிறார். அது அப்பெண்ணின் கழுத்தில் குழந்தைப் பருவத்திலிருந்தே கிடந்த ஒரு தாயத்து. இக்கட்டுரையின் வழக்கெல்லாம் அந்தத் தாயத்தோடுதான்.

படத்தின் வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வங்கத்தவரான ஹிமான்சு ராய் தயாரித்து, தாமே ஷிராஸாக நடித்தார். நிரஞ்சன் பால் எழுதிய நாடகம் கதைக்கு மூலம். இயக்கியவர் ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டன். ஆங்கில, ஜெர்மானிய நிறுவனங்களின் கூட்டுறவில் எடுக்கப்பட்ட போதிலும், நடித்தவர் அனைவரும் நம் நாட்டவர். படம் பிடிக்கப்பட்டதும் நம் நாட்டுக் கோட்டைகளிலும் மாளிகைகளிலும்தான். சலீமாவாக ஏனாக்ஷி ராமராவும், குர்ரமாகச் சாரு ராயும், சூழ்ச்சிக்காரி தாலியாவாகச் சீதாதேவியும் தோன்றுகின்றனர். இந்தச் சீதாதேவியின் இயற்பெயர் ரெனீ ஸ்மித். ஆங்கிலோ இந்தியப் பெண். மௌனப்பட நாளில் பெயர்கள்கூட வேடம் புனைந்துகொண்டுதான் வெளியே வந்தன! நெடுங்காலம் ஆவணக் காப்பகத்தில் உறங்கிக் கிடந்த இப்படத்தைப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் சீர்செய்து, அனுஷ்கா சங்கரின் இசையோடு 2017இல் மீண்டும் உலகுக்குக் காட்டிற்று. மௌனப்படங்களிற் பெரும்பாலானவை அழிந்துபோய்விட்ட நம் நாட்டில் இது சிறிய பேறன்று. தமிழகத்தின் முதற் படமாகிய ‘கீசக வதம்’ எப்படி இருந்தது என்பதைக் காண இன்று நமக்கு வழியே இல்லை.

திருச்சிராப்பள்ளியில் இருந்துகொண்டு மௌனப்படத்தைப் பற்றி எழுதுகிறவன், சாமிக்கண்ணு வின்சென்டை நினையாமல் எழுதவியலாது. இவ்வூரில் தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிய அவர், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கி, வேலையை உதறிவிட்டுக் கூடாரம் போட்டுப் படம் காட்டப் புறப்பட்டார். ஊர் ஊராகச் சென்ற அக்கூடாரங்களில் மூன்று வகை இடங்கள் இருந்தன: திரைக்கு அருகே தரை, அதன் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. திரையருகே நின்று ஒருவர் உரத்த குரலில் கதை சொல்வார். திரையில் எழுத்துகள் வந்தால் அவரே படித்துப் பொருளும் உரைப்பார். நாற்காலியில் இருந்தவருக்கு அந்த எழுத்து புரிந்திருக்கலாம்; தரையில் இருந்தவருக்கு அந்த மனிதரின் குரல்தான் கதை. ‘ஷிராஸ்’ படத்தை இந்த நினைவோடு பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. இன்று கிடைக்கும் பிரதியில் எழுத்துகள் ஆங்கிலத்தில் உள்ளன. பழங்கால இலக்கிய ஆங்கிலம். குயவனும் அதையே பேசுகிறான், இளவரசரும் அதையே பேசுகிறார். ஆகவே குயவனின் பேச்சில் குயவன் இல்லை. அவன் இருப்பதெல்லாம் அவன் கைகளில்.

இதை நான் படத்தின் சிறப்பாகவே கருதுகிறேன். பேசும் படமாக இருந்திருப்பின், அரசவையில் நிற்கும் ஏழையின் வாயில் நீண்ட வசனம் ஒன்றைத் திணித்திருப்பார்கள். நம் தமிழ்ப் பேசும் படங்கள் பின்னாளில் அதை எத்தனையோ முறை செய்தன; கொட்டகை கைதட்டி ஓய்ந்தது. மௌனப்படத்தின் ஏழைக்கு அந்த வாய்ப்பு இல்லை. உயர்ந்தோர் முன்னிலையில் நாவெழாமல் நிற்பது அவனுடைய இயல்பான நிலை. படத்தின் மௌனமும் அந்த நிலையும் ஒன்றாகிவிடுகின்றன. ஹிமான்சு ராய் தயாரிப்பாளராக இருந்தும், இளவரசர் வேடத்தை விட்டுவிட்டு, காதலில் தோற்கும் குயவன் வேடத்தைத் தமக்கென எடுத்துக்கொண்டதையும் இங்கே பாராட்டத் தோன்றுகிறது.

கதைக்கு வருவோம். பாலைவழியிற் செல்லும் ஒரு வணிகக்கூட்டம் கொள்ளையரால் தாக்கப்படுகிறது. அநாதையான பெண்குழந்தை ஒன்றைக் குயவன் ஒருவன் எடுத்து வளர்க்கிறான். அவள்தான் சலீமா. குயவனின் மகன் ஷிராஸ் அவளோடு வளர்கிறான். வளர்ந்த பின் அவளையே நேசிக்கிறான். அடிமை வாணிகர் அவளைக் கடத்திச் சென்று விற்றுவிடுகின்றனர். அவள் குர்ரத்தின் அரண்மனையை அடைகிறாள். ஷிராஸ் அவளைத் தேடி ஆக்ராவுக்கு நடக்கிறான். அங்கே இளவரசரின் காதலுக்குச் சலீமாவின் மனம் மெல்ல இசைகிறது. அரசியாக வேண்டுமென்ற ஆசை கொண்ட தாலியா சூழ்ச்சி செய்து, ஷிராஸும் சலீமாவும் சந்திக்கும்படி ஏற்பாடு செய்து இருவரையும் காட்டிக்கொடுக்கிறாள். யானைக் காட்சி இதன்பின் வருகிறது.

இவ்வளவில் கதை ஓர் இக்கட்டுக்கு வந்து நிற்கிறது. இளவரசர் ஓர் அடிமைப் பெண்ணை மனமார நேசிக்கிறார். குயவன் வீட்டில் வளர்ந்தவள் அரசியாகலாமா? கதாசிரியர் எழுப்பிய கேள்வி இது. பார்ப்பவரை ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் தவிக்கவிட்டதும் இதுதான். விடை சொல்ல வேண்டிய இடத்தில் அவர் தாயத்தை எடுத்து நீட்டுகிறார். சலீமா பிறப்பால் அரச குலத்தவள், ஆகவே தடை ஒன்றுமில்லை, மணம் நடக்கலாம். கேள்வி விடை பெறவில்லை, கேள்வியே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அடிமையை மணந்த அரசனின் கதையைக் காண வந்தவர்கள், அரசகுமாரியை மணந்த அரசகுமாரனின் கதையைக் கண்டு திரும்புகிறார்கள்.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இது இன்னும் வேடிக்கையாகத் தோன்றும். மும்தாஜ் மஹல் என்று உலகறிந்த அர்ஜுமந்த் பானு பேகம், ஆஸஃப் கானின் மகள். நூர்ஜஹானின் உடன்பிறந்தார் மகள். 1607இல் குர்ரத்துக்கு நிச்சயிக்கப்பட்டு 1612இல் மணம் முடிக்கப்பட்டவர். 1631இல் புர்ஹான்பூரில் மகப்பேற்றின்போது காலமானார். அந்த மணத்தில் உயர்வு தாழ்வு என்ற பேச்சுக்கே இடமிருந்ததில்லை. நிரஞ்சன் பால் என்ன செய்கிறார்? இல்லாத தாழ்வை முதலில் கற்பித்து, அதனால் விளையும் உருக்கத்தையெல்லாம் நம்மிடமிருந்து வசூலித்துக்கொண்டு, பிறகு அந்தத் தாழ்வைத் துடைத்துவிடுகிறார். கடன் வாங்கிச் செலவழித்துவிட்டுப் பத்திரத்தைக் கிழிப்பது போன்ற காரியம்!

நம் நாடகமேடையும் திரையும் இவ்வித்தையை வெகுகாலம் நம்பி வாழ்ந்தன என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குடிசையில் வளர்ந்த பெண்ணின் தோளில் ஒரு மச்சம், ஒரு சங்கிலி, ஒரு தாலாட்டு, அல்லது கடைசி நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவரும் ஒரு வயோதிகர். உடனே ஜமீன்தார் தம் காணாமற்போன மகளைக் கட்டித் தழுவுவார். எதிர்ப்பு அனைத்தும் பனிபோல் நீங்கும். பணக்காரரும் மகிழ்வர், ஏழைகளும் மகிழ்வர். ஏழை ஏழையாகவே இருந்து அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது என்ற விதி மட்டும் அசையாமல் இருக்கும்.

அரச வாழ்வு இவ்வாறுதான் இயங்கிற்று, கதாசிரியர் வேறென்ன செய்வார் என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்குத் தில்லியின் வரலாற்றையே விடையாகச் சொல்லலாம். 1206இல் அரியணை ஏறிய குத்புத்தீன் ஐபக் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. அவருக்கு அடிமையாக இருந்த இல்துத்மிஷ் அவர் மகளையே மணந்து, பின்னர் தாமே சுல்தானானார். அவர்களுடைய ஏற்றத்துக்கு எந்தத் தாயத்தும் தேவைப்படவில்லை. கற்பனை, வரலாற்றை விடத் துணிவு குறைந்ததாக இருப்பது இலக்கியத்துக்குப் பெருமை சேர்க்காது.

இன்னும் ஒரு வரலாறு இருக்கிறது. சலீமாவின் கதையைப் படிக்கும் எந்த முஸ்லிமுக்கும் அது நினைவுக்கு வந்தே தீரும். ஜைது இப்னு ஹாரிதா (ரலி) சிறுவராயிருக்கையில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டுச் சந்தையில் விற்கப்பட்டார். கதீஜா நாயகியாரிடம் (ரலி) வந்து சேர்ந்து, அவர்கள் வழியே பெருமானாரின் (ஸல்) பணிக்கு வந்தார். மகனைத் தேடித் தேடி அலைந்த தந்தை ஹாரிதா மீட்புத்தொகையோடு மக்காவுக்கு வந்தார். பெருமானார் தொகை கேட்கவில்லை. முடிவை ஜைதிடமே விட்டார்கள். தந்தை, குடி, கூட்டம், சொந்த ஊர், இவையனைத்தும் மீண்டும் கிடைக்கும் வேளையில் ஜைது பெருமானாரோடு இருப்பதையே தேர்ந்தார். பாருங்கள், நிகழ்ச்சிகள் ஒன்றே: கொள்ளை, அடிமைச் சந்தை, வளர்த்த வீடு, வெளிப்படும் பிறப்பு. ஆனால் பிறப்பு வெளிப்பட்டபின் நடப்பது நேர்மாறு. அந்த ஜைதுதான் ஹிஜ்ரி 8இல் முஃதாப் போருக்குப் படைத்தலைவராகச் சென்றார். ஹாஷிம் குலத்து ஜஅஃபர் (ரலி) அவருக்கு அடுத்த நிலையில் நின்றார்.

இதைச் சொல்லிவிட்டு, நம்மவர் எல்லோரும் அந்த வழியிலேயே நடந்தோம் என்று மார்தட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. மணப்பொருத்தத்துக்கு நாம் ‘குஃபு’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஹனஃபி, ஷாஃபிஈ சட்டநூல்கள் குடியையும் தொழிலையும்கூட அதில் சேர்த்துப் பேசுகின்றன. பெண்ணின் நலனுக்கென வைத்த காப்பு அது என்று அறிஞர்கள் விளக்குவர்; அவ்விளக்கம் மறுக்கத்தக்கதன்று. ஆனால் நம் ஊர்களில் ‘எந்த வீட்டார்?’ என்று கேட்கும்போது அந்தக் கேள்வியில் ஒலிப்பது பெண்ணின் நலன்தானா? ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து தொழுதவர்கள், தொழுகை முடிந்து வாசலுக்கு வந்து பெண் பேசத் தொடங்கியதும் வேறு வேறு வரிசைகளாகிவிடுவதை நாம் கண்டதில்லையா? ‘ஷிராஸ்’ படத்தின் தாயத்தைக் கேலி செய்யும்போது, நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் தாயத்துகளும் கலகலக்கின்றன.

திருச்சியிலிருந்து காவிரியைக் கடந்து சென்றால், ஸ்ரீரங்கத்தில் இதே பொருள்பற்றி வேறொரு கதை வழங்குகிறது. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்புகளை ஒட்டி எழுந்த கதை. ‘கோயிலொழுகு’ அதைக் கூறுகிறது. அரங்கனின் திருவுருவம் தில்லிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. சுல்தானின் மகள் அதைத் தன் விளையாட்டுத் தோழனாக்கிக்கொண்டு பின் பிரிய மாட்டாதவளானாள். உருவம் மீட்டுச் செல்லப்பட்டபோது அவளும் பின்தொடர்ந்து ஸ்ரீரங்கம் வந்து அங்கேயே உயிர்நீத்தாள் என்பது கதை. கோயிலில் அவளுக்குத் துலுக்க நாச்சியார் என்று பெயர். சிலையாக வடிக்காமல் சுவரோவியமாகவே அவளை வைத்திருக்கிறார்கள். அவளுடைய நாட்டு வழக்கென்று ரொட்டி படைக்கப்படுகிறது. பெருமாளுக்குக் கைலி சாத்தும் மரபும் இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் இதைச் சரித்திரமாகக் கொள்வதில்லை. உருவ வழிபாட்டில் நமக்கு உடன்பாடில்லை என்பதும் வெளிப்படை. கதைக்கலை என்ற ஒரே நோக்கில் பார்க்கிறேன்.

அப்படிப் பார்க்கும்போது, இதைக் கட்டிய பெயரறியாத உள்ளம் நிரஞ்சன் பாலைவிடத் துணிவுடையது என்று சொல்லத் தயங்கமாட்டேன். சுல்தானின் மகள் முற்பிறவியில் இன்னாள் என்றோ, குழந்தையில் திருடப்பட்ட ஓர் அந்தணர் மகள் என்றோ ஒரு வரி சேர்த்திருந்தால் கதைக்கு எல்லாத் தொல்லையும் தீர்ந்திருக்கும். கோயிலொழுகு கூறும் கதையில் அந்த வரி இல்லை. வந்தவள் வந்தவளாகவே இருக்கிறாள். அவள் பெயரிலேயே அவள் யார் என்பது நிற்கிறது. அவளுக்காக அடுக்களைதான் மாறியிருக்கிறது. அதே சமயம் அவளுக்கு ஒரு சுவரளவு இடமே கிடைத்தது என்பதையும், உயிரை விட்ட பிறகே அதுவும் கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மறுபடியும் படத்துக்கு. பதினெட்டு ஆண்டுகள் கழிந்து அரசி இறந்துபோகிறார். அவருக்கு ஒரு நினைவுமாளிகை எழுப்ப விரும்பிய பேரரசர், கொண்டுவந்து வைக்கப்பட்ட மாதிரிகளுள் ஒன்றைத் தேர்கிறார். அதைச் செய்தவன் முதுமையடைந்த ஷிராஸ். இத்தகைய அழகை அவன் இனி வேறெவருக்கும் படைத்துவிடலாகாது என்று அவன் கண்களைப் பறிக்க ஆணை பிறக்கிறது. அப்போதுதான், அவன் கண்கள் முன்பே ஒளியிழந்துவிட்டன என்பது தெரிகிறது.

இக்காட்சியைக் கண்டு மனம் புண்படும் நம்மவர் இருக்கக்கூடும். தாஜ் மஹாலைக் கட்டிய சிற்பிகளின் கைகளை ஷாஜஹான் வெட்டினார் என்ற கட்டுக்கதை வழிகாட்டிகளின் வாயில் நெடுநாளாக வாழ்கிறது. அதற்கு ஆதாரம் எதுவுமில்லை. தாஜின் தலைமைச் சிற்பியென வரலாற்றாசிரியர் குறிப்பிடும் உஸ்தாத் அஹ்மத் லாஹோரி, அதன்பின் தில்லிச் செங்கோட்டைப் பணியிலும் ஈடுபட்டவர். கையிழந்தவர் கோட்டை கட்டுவதெப்படி? படம் கைக்குப் பதிலாகக் கண்ணை எடுத்துக்கொண்டு அதே அபவாதத்தைத் திரும்பச் சொல்கிறது என்று ஒருவர் வழக்காடினால், வரலாற்றின் பெயரால் நானும் அவர் பக்கமே நிற்பேன்.

எனினும் கலையின் பெயரால் அக்காட்சிக்கு வேறு மதிப்பு உண்டு. படம் முழுவதிலும் குயவனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிக்கப்படுகிறது. வளர்ந்த தோழி போகிறாள், காதல் போகிறது, உயிரும் போகப் பார்க்கிறது. கடைசியாக அதிகாரம் கைநீட்டும்போது அவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. ஆளும் வல்லமை திகைத்து நிற்கும் ஒரே இடம் அதுவே. உலகம் பேரரசரின் காதலுக்குச் சின்னமென்று போற்றும் கட்டடத்தின் வடிவம், அவரால் அகற்றப்பட்ட இன்னொருவனின் நெஞ்சிலிருந்து வந்தது என்கிறது படம். சரித்திரமாக இது பொய். ஆனால் கட்டுவித்தவர் பெயர் நிலைக்கும், கட்டியவர் பெயர் மறையும் என்ற உண்மையைத் தாங்கிய பொய். தாயத்துக் காட்சியில் கோழையாகிப்போன கதாசிரியர், இவ்விடத்தில் தம் கடனில் பாதியைத் தீர்த்துவிடுகிறார்.

இந்தப் படம் உருவான அதே 1928இன் ஜூலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நாகப்பட்டினத்துப் பட்டறை பொன்மலைக்கு மாற்றப்பட்டதும், ஆட்குறைப்பும் அதற்குப் பின்னணி. இதற்கும் ‘ஷிராஸ்’ படத்துக்கும் நேர்த்தொடர்பு எதுவுமில்லைதான். ஆயினும் ரயில்வே ஊழியர் ஒருவர் படக்கருவியோடு புறப்பட்ட ஊர் இது; கைவினைஞனின் கண்ணை அரசு கேட்கும் கதை திரைக்கு வந்த ஆண்டில் இங்கே உழைப்பாளர் கைகளைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றனர் என்பதை நான் கடந்துபோக முடியவில்லை.

ராய், ஆஸ்டன், பால் மூவரும் மீண்டும் ஒன்றுகூடி 1936இல் பம்பாய் டாக்கீஸுக்காக ‘அச்சூத் கன்யா’ என்ற பேசும் படத்தைத் தந்தனர். அதிலும் ஒரு ரயில்வே ஊழியர் வருகிறார். தண்டவாளக் கதவைக் காக்கும் தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட மனிதர். அவர் மகள் கஸ்தூரியாகத் தேவிகா ராணியும், அவளை நேசிக்கும் பிராமண இளைஞனாக அசோக் குமாரும் நடித்தனர். கஸ்தூரியின் கழுத்தில் தாயத்து இல்லை. அவள் பிறந்தபடியே இருக்கிறாள். கடைசிவரை அக்காதலர் சேரவில்லை. அவள் ரயிலின் முன் ஓடி அதை நிறுத்த முயன்று உயிர்துறக்கிறாள். எட்டு ஆண்டுகளில் அம்மூவரும் பொய்யான தீர்வைக் கைவிட்டிருந்தனர். மெய்யான தீர்வு அவர்களுக்கும் அகப்படவில்லை. சுப முடிவுக்குப் பழகிய கண்களுக்கு ‘ஷிராஸ்’ இனிமையானது. எனக்கென்னவோ, அழகில் குறைந்த ‘அச்சூத் கன்யா’வே நேர்மையில் மேம்பட்டதாகத் தெரிகிறது.

ஆனால் ‘ஷிராஸ்’ படத்தைப் பார்த்து முடித்த பிறகு என் மனத்தில் தங்கியவர் ஷிராஸும் அல்லர், பேரரசரும் அல்லர். பாலைவழியில் அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வந்த அந்த முதிய குயவர்தான். குழந்தை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கழுத்தில் கிடந்த தாயத்தை விற்றுத் தின்னவுமில்லை. களிமண் பிசைந்த கையாலேயே அவளுக்குச் சோறூட்டியிருப்பார். அவள் அரசகுலத்தவள் என்று அவை அறிந்துகொண்டபோது, இத்தனை காலம் அதைப் பாதுகாத்து வைத்திருந்தவர் யார் என்று ஒருவர்கூட விசாரிக்கவில்லை.